தினமும் எழுத வேண்டுமா? எழுத்துப் பழக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எழுத விரும்புகிறவர்கள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் உட்காருவது என் வழக்கம். புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "தினமும் எழுதணுமா?" அதற்கான பதிலை நான்காம் படியில் வைத்திருக்கிறேன். முதல் மூன்று படிகளைச் செய்யாதவருக்கு ஆமாம் என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொன்னாலும் எழுத்து சில வாரங்களில் நின்றுவிடுகிறது. இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, தனக்கென்று ஒரு அறை இல்லாமல் எழுத நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதையோ, கட்டுரையோ, நாட்குறிப்போ, எதுவானாலும் படிகள் இவைதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

ரூல் போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று. பேனா இரண்டு. மாதக் காலண்டர் ஒன்று. மளிகைக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது போதும்.

நோட்டு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் விதவிதமான டைரிகள் கண்ணில் படும். வாங்காதீர்கள். அதிக விலை கொடுத்த நோட்டில் முதல் பக்கத்தைக் கிறுக்கக் கை வராது. நல்ல வரி தோன்றட்டும் என்று காத்திருப்பீர்கள், அது பையிலேயே கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கு வாங்கும் நோட்டில் அந்தத் தயக்கம் இல்லை.

போனில் எழுதுகிறவர்கள் ஒரே ஒரு குறிப்புச் செயலியைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். இப்போது எந்த முறையில் தமிழ் தட்டுகிறீர்களோ அதையே தொடருங்கள். தமிழ்99 விசைப்பலகை கற்றுக்கொள்ளத் தகுந்தது, விரல் பழகினால் வேகமும் கூடும். ஆனால் புதிய பழக்கத்தையும் புதிய விசைப்பலகையையும் ஒன்றாகத் தொடங்கினால், எழுத்து வரவில்லையா விரல் வரவில்லையா என்றே தெரியாமல் போய்விடும். தட்டுவது மெதுவாக இருந்தால் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்துங்கள். வாரம் ஒரு முறை எழுதியதை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். போன் தொலைந்த அன்று எழுத்தையும் விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

1. முதல் வாரம் எழுதாதீர்கள், கவனியுங்கள்

ஏழு நாளும் இரவு தூங்கும் முன் இரண்டே வரி எழுதி வையுங்கள்: இன்று எந்த நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை? அப்போது நான் எங்கே இருந்தேன்?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் "காலையில் நாலு மணிக்கு எழுந்து எழுதுகிறேன்" என்று தொடங்குவார்கள். யாரோ ஒரு எழுத்தாளர் அப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அப்படித் தொடங்குகிறவர் தெருவில் நாலரை மணிக்குத் தண்ணீர் வரும். குடத்தோடு அவரே போக வேண்டியிருக்கும். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவருக்கு விடியலுக்கு முந்திய நேரம்தான் நாளின் மிக நெருக்கடியான நேரம். இவர்களுக்கு அதிகாலை ஆகாது. மதியம் இரண்டு மணிக்கு வியாபாரம் முடிந்து வீட்டில் காலை நீட்டும் அரைமணி நேரம் அவர்களுக்குப் பொருந்தலாம்.

வாரக் கடைசியில் அந்தப் பதினான்கு வரியையும் படித்துப் பாருங்கள். இரண்டு மூன்று இடைவெளிகள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். குழந்தைகள் ட்யூஷனுக்குப் போன பிறகு, கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், திருவொற்றியூர்ப் பக்கம் போகும் மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்த பிறகு. இருக்கிற இடைவெளியில்தான் பழக்கம் தங்குகிறது. தூக்கத்தை வெட்டி உண்டாக்கிய நேரம் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை.

2. நேரத்துக்கு முன் இடத்தை முடிவு செய்யுங்கள்

நேரத்தை நிர்ணயிப்பதுதான் முதல் வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். நம் பக்கத்து வீடுகளில் அது சரிவராது. ஒரு ரூமும் ஒரு அடுப்படியும் உள்ள லைன் வீட்டில் ஐந்து பேர் இருந்தால், இரவு ஒன்பது மணி என்று நேரம் குறித்து என்ன பயன்? அந்த ஒன்பது மணிக்கு டிவி ஓடும். இடம் கிடைத்தால் நேரம் தானாக அமைந்துவிடும்.

இடம் என்றால் மேசை நாற்காலி என்று நினைக்க வேண்டாம். ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மாடிப்படி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல், கடையின் பின்பக்கத்துச் சரக்கு மூட்டை, பக்கத்துக் கிளை நூலகத்தின் வாசிப்பு மேசை, எதுவானாலும் சரி. நூலகத்துக்குப் போகிறவர்கள் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு முதல்வர் படைப்பகம் இருக்கிறது. படிக்கவும் வேலை செய்யவும் மேசை தருகிறார்கள்.

இரண்டாவது இடம் ஒன்றையும் இப்போதே முடிவு செய்து வையுங்கள். ஆடி மாதம் வந்தால் நம் தெருக்களில் கூழ் ஊற்றும் கோயில்கள் எல்லாம் மைக் செட் கட்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பல தெருக்களில் தண்ணீர் நிற்கும், மொட்டை மாடிக்குப் போக முடியாது. அன்றைக்குப் போய் வேறு இடம் தேடினால் அந்த வாரம் போய்விடும். முதல் இடம் கெட்டால் எங்கே என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் படியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் வெளியே சொல்வதில்லை. எழுதி வைத்ததை வீட்டில் யாராவது படித்துவிட்டால்? "வூட்ல பட்சிட்டாங்கன்னா அவ்ளோதான்க்கா" என்று சொன்ன பெண், அந்த ஒரு பயத்தினாலேயே பல வருஷம் எழுதாமல் இருந்தார். இது நியாயமான பயம். வேலை செய்யும் இடத்திலேயே நோட்டை வைத்துவிட்டு வரலாம்; பூட்டுப் போடும் வசதியுள்ள குறிப்புச் செயலியில் எழுதலாம். இரண்டும் முடியாதென்றால், முதல் சில மாதங்களுக்கு யார் படித்தாலும் பரவாயில்லை என்கிற விஷயங்களை மட்டும் எழுதுங்கள். தெரு, கடை, ரயில், சமையல். மறைக்க வேண்டியதை எழுதும் துணிவு வர நாளாகும். கை ஓடத் தொடங்கிய பிறகு அதற்கான வழியையும் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

3. கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஒரு வேலையோடு கட்டுங்கள்

"இரவு ஒன்பது மணிக்கு எழுதுவேன்" என்பதை விட "பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுவேன்" என்பது நிற்கும். மணி ஒன்பது ஆனது நம் கவனத்துக்கே வராமல் போகலாம். பாத்திரம் கழுவி முடித்தது தெரியாமல் போகாது. தவிர, பேருந்து தாமதமாகி ஒன்பதரைக்கு வீடு வந்தால் ஒன்பது மணி போயே போயிற்று. பாத்திரம் இன்னும் காத்திருக்கும்.

ஏற்கெனவே தவறாமல் நடக்கும் வேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடை ஷட்டர் இறக்கியதும், குழந்தையைப் பள்ளியில் விட்டுத் திரும்பியதும், மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடியதும். அதை ஒரு முழு வாக்கியமாக நோட்டின் உள் அட்டையில் எழுதுங்கள்: எதற்குப் பிறகு, எங்கே, எவ்வளவு.

"நேரம் கிடைக்கும்போது", "மனசு சரியாக இருக்கும்போது" என்கிற சொற்கள் அந்த வாக்கியத்தில் வந்தால் அடித்துவிடுங்கள். இவை இரண்டும் நிகழ்ந்ததா இல்லையா என்று ஒவ்வொரு நாளும் உங்களோடு நீங்களே வாதாட வேண்டியிருக்கும். நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர் அந்த வாதத்தில் ஜெயிப்பது கடினம்.

4. தினமுமா? இப்போது முடிவு செய்யுங்கள்

உங்கள் ஏழு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்றால் தினமும் எழுதுங்கள். இல்லையென்றால் வாரத்துக்கு நான்கு நாள். மூன்றுக்குக் கீழே போக வேண்டாம்; நைட் ஷிப்ட் வாரம் மட்டும் விலக்கு.

தினமும் எழுதுவதில் உண்மையான லாபம் உண்டு. இன்று எழுதலாமா என்ற கேள்வியே எழாது. நேற்று விட்ட இடம் நினைவில் ஈரமாக இருக்கும். பழையதைப் படித்துப் பிடிப்பதற்கே பாதி நேரம் போகாது. நீண்ட கதையோ நாவலோ நடுவில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் ஐந்து நிமிடமாவது அன்றாடம் அதைத் தொட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. நான்கு நாள் விட்டால் கதாபாத்திரங்களின் குரலே மறந்துபோகிறது. கவிதை, சிறு கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் தினமும் என்பதை விரதம் போல எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அதுவே பகையாகிறது. ஒரு நாள் விட்டதும் விரதம் கெட்டது என்று நினைத்து மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உண்பது, குடிப்பது, உடற்பயிற்சி தொடர்பான ஒரு புதிய செயலைத் தினமும் ஒரே சூழலில் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு வாய்ப்பு தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்பதையும் கண்டார்கள். எழுத்தைப் பற்றிய ஆய்வு இல்லை என்றாலும் இரண்டு விஷயம் நமக்குப் பயன்படும்: பலரும் சொல்வதுபோல் 21 நாளில் பழக்கம் ஆகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஒரு நாள் விட்டால் குடி முழுகிவிடாது.

ஷிப்டில் போகிறவர்கள் நாள் கணக்கை விட்டுவிட்டு ஷிப்ட் கணக்கில் திட்டமிடுங்கள். காலை ஆறு முதல் இரண்டு வரையிலான ஷிப்ட் வாரத்தில் மாலையில் நான்கு நாள். மதிய ஷிப்ட் வாரத்தில் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு நான்கு நாள். நைட் ஷிப்ட் வாரத்தில் இரண்டே நாள், அதுவும் சிறிய அளவில். மூன்று வாரத்துக்கும் மூன்று வாக்கியம் உள் அட்டையில் இருக்கட்டும். எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகும் ஒருவர் தினமும் எழுதப் பார்த்து, ஒவ்வொரு நைட் ஷிப்டிலும் நிறுத்திக்கொண்டிருந்தார். ஷிப்டுக்கு ஒரு கணக்கு என்று மாற்றிய பிறகு இன்றுவரை எழுதுகிறார்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வலை பின்னுவதும் படகைச் சீர் செய்வதும் போக நேரம் இருக்கும். அப்போது எழுதத் தொடங்கினால் நன்றாகவே வரும். தடை முடிந்து படகு கிளம்பியதும் எல்லாம் நின்றுபோகும், ஏனென்றால் அந்தப் பழக்கம் கரையை நம்பி அமைந்தது. ஆகவே தடைக்காலத்திலேயே கடலுக்கு ஒரு கணக்கு, கரைக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கடலில் போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்வது, அல்லது பாலித்தீன் உறைக்குள் ஒரு சின்ன நோட்டில் ஐந்து வரி. கரைக்கு வந்ததும் அதை விரித்து எழுதுவது.

எந்த நாட்கள் என்பதிலும் ஒரு பிழை நடக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை லீவுதானே, அன்றைக்கு உட்கார்ந்து நிறைய எழுதிடலாம்" என்பார்கள். வீட்டுப் பெண்களுக்கு ஞாயிறு என்பது வாரத்திலேயே அதிக வேலையுள்ள நாள். மீன் வாங்கி, கழுவி, குழம்பு வைத்து, துணி துவைத்து முடிக்கும்போது மாலை ஆகிவிடும். ஆண்களுக்கும் உறவினர், கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது வரும். முதல் வாரக் குறிப்பை மறுபடி பாருங்கள். செவ்வாயோ புதனோதான் உண்மையில் ஓய்வாக இருந்திருக்கும்.

5. அளவைக் கூச்சப்படும் அளவுக்குக் குறையுங்கள்

அரைப் பக்கம். அல்லது பதினைந்து நிமிடம். எது முதலில் முடிகிறதோ அதோடு எழுந்துவிடலாம்.

இணையத்தில் ஆயிரம் சொல், இரண்டாயிரம் சொல் என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வைத்த கணக்கு அது. "போகவேண்டியிருந்தது" என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு அவர்களுக்கு மூன்று நான்கு சொல் ஆகும். அந்த எண்ணைத் தூக்கி நம் தலையில் வைத்துக்கொண்டால் முதுகு ஒடியும். லாங் சைஸ் நோட்டில் வரிக்கு ஐந்தாறு சொல், பக்கத்துக்கு 25 வரி என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 140 சொல். அரைப் பக்கம் 70. வாரம் நான்கு நாள் எழுதினால் 280 சொல். மூன்று மாதத்தில் 3500 தாண்டும். ஒரு முழுச் சிறுகதைக்கு அது போதும்.

மிக மோசமான நாளிலும் செய்து முடிக்கக்கூடிய அளவாக இருக்க வேண்டும் என்பதே இதன் காரணம். நல்ல நாளில் நான்கு பக்கம் வந்தால் எழுதுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மறுநாளுக்கான கடமை மறுபடி அரைப் பக்கம்தான். நேற்று நான்கு பக்கம் எழுதினேனே, இன்று அதற்குக் குறையக் கூடாது என்று நினைத்தவர்கள் அடுத்த வாரம் வருவதில்லை.

6. பொருளை முன்பே சேர்த்து வையுங்கள்

பேனாவைத் திறந்த பிறகு "இன்னாத்த எழுதுறது?" என்று யோசித்தால் பதினைந்து நிமிடமும் அதிலேயே போகும். யோசிப்பது ஒரு வேலை, எழுதுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே உட்காரலில் செய்ய வேண்டாம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் தொடங்குங்கள். தெருவில் நடக்கும்போது, வரிசையில் நிற்கும்போது கண்ணில் காதில் பட்டதை ஒரு வரியாக அதில் போட்டு வையுங்கள். எழுதும் நாளுக்கு முன்னிரவே அதிலிருந்து ஒன்றைச் சுழித்துவிடுங்கள்.

பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 'தாய்மை', 'வறுமை', 'காலம்' என்று எழுதுவார்கள். இவற்றைப் பார்த்து ஒரு வரிகூட வராது, வந்தாலும் எங்கேயோ படித்த வரியாக இருக்கும். கண்ணால் பார்க்க முடிவதை எழுதுங்கள்: கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பைக்கில் நிற்கிறவர்கள் பேசிக்கொள்வது, கேரம் போர்டில் மாவு தூவும் விதம், அத்தோ கடைக்காரர் கை நூடுல்ஸைப் பிசைகிற வேகம், எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் தீபாவளி நேரத்தில் நாள் முழுக்க நின்ற கால். தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தபோது வீட்டில் இருந்த ஒரு பொருள். ஒரு மனிதர், ஒரு இடம், ஒரு செயல் இருந்தால் அரைப் பக்கம் தானாக வரும்.

எழுதாத நாட்களுக்கும் இதுதான் வேலை. வாரம் நான்கு நாள் எழுதுகிறவர் மீதி மூன்று நாளில் பட்டியலில் நாளுக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். எழுத்தோடு உள்ள தொடர்பு அறுந்துபோகாது.

7. உட்கார்ந்த பிறகு

போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். போனில் எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பெரும்பாலான குறிப்புச் செயலிகளுக்கு இணையம் தேவையில்லை.

திருத்தாதீர்கள். சந்திப்பிழையா, ணகரமா னகரமா என்று நிற்காதீர்கள். சொல் கிடைக்கவில்லையென்றால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். எழுதும்போதே திருத்துகிறவர் முதல் பத்தியை ஆறு முறை எழுதுவார். இரண்டாம் பத்தியை அவர் பார்ப்பதே இல்லை. திருத்துவதற்குத் தனி நாள் இருக்கிறது, பத்தாம் படியில் சொல்கிறேன்.

எந்தத் தமிழில் எழுதுவது என்பது பலருக்கு ஊமைக் காயமாக இருக்கிறது. நம் வடசென்னைப் பேச்சைச் சினிமாவில் சிரிப்புக்கும் அடியாளுக்கும் மட்டுமே வைத்துப் பார்த்து வளர்ந்தவர்கள், பேனாவை எடுத்ததும் பள்ளிக் கட்டுரைத் தமிழுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். "எழில்மிகு காலைப் பொழுதில்" என்று தொடங்குகிறது. நான்காம் வரியில் மூச்சு முட்டுகிறது. காரணம், அவர் மனதில் நடக்கும் காட்சி அந்தத் தமிழில் நடக்கவில்லை. பழக்கம் அமையும் வரை உங்கள் வாயில் வரும் தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் ஆயா எப்படிச் சொல்வாரோ அப்படி. பிறகு எவ்வளவு பேச்சு, எவ்வளவு எழுத்து நடை என்பதைத் திருத்தும்போது முடிவு செய்துகொள்ளலாம். அப்படி எழுதியவர்களிடம்தான் நான் புதிய சொற்களைப் படித்திருக்கிறேன்.

முடிக்கும் இடமும் முக்கியம். நேரம் ஆனதும் அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். வாக்கியத்தின் பாதியில் நிறுத்தினாலும் சரி. கீழே ஒரு வரி: "அடுத்து: மாமா கதவைத் தட்டுகிறார்." எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு எழுந்தால் மறுமுறை வெறும் பக்கத்தின் முன் உட்கார வேண்டியிருக்கும்.

8. காலண்டரில் குறியுங்கள்

எழுதிய நாளில் ஒரு டிக். எத்தனை பக்கம், நன்றாக வந்ததா என்பதெல்லாம் வேண்டாம். தரத்தைக் குறித்தால், சுமாரான நாளில் குறிக்கக் கூச்சப்பட்டு அந்த நாளையே விட்டுவிடுவீர்கள்.

கணக்கு வாரத்துக்கு. ஞாயிறு இரவு அந்த வரிசையில் நான்கு டிக் இருந்தால் வாரம் நிறைந்தது. எந்த நான்கு நாள் என்பது மாறினாலும் பரவாயில்லை. தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று எண்ணிக்கை காட்டும் செயலிகள் வேண்டாம் என்று சொல்வேன். எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குத் திரும்பியதும் அந்தச் செயலியோடு எழுத்தையும் கைவிடுகிறார்கள்.

9. தவறிய நாளுக்கு ஒரு விதி

விதியை இப்போதே எழுதி வையுங்கள், தவறிய பிறகு எழுத முடியாது. என் பரிந்துரை மூன்று வரி. விட்ட நாளுக்குப் பாக்கி கிடையாது. அடுத்த முறை மூன்றே வரி எழுதினால் போதும். காரணத்தை எழுத வேண்டாம்.

பாக்கி சேர்ப்பதுதான் இதில் பெரிய பிழை. இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் ஒன்றரைப் பக்கம் என்று கணக்குப் போடுவார்கள். ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு அது மலையாகிவிடும். தீபாவளிச் சீட்டுக்குத்தான் விட்ட தவணையைச் சேர்த்துக் கட்ட வேண்டும், இதற்கு வேண்டியதில்லை.

காரணம் எழுத வேண்டாம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. "மன்னிக்கவும், பத்து நாளாக எழுதவில்லை, ஏனென்றால்" என்று தொடங்கும் பக்கங்கள் வருத்தத்திலேயே முடிகின்றன. விட்ட இடத்தில் இருந்த மாமா கதவைத் தட்டட்டும்.

வெள்ளமோ, வீட்டில் சாவோ, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்துக்கொண்டு கூடவே இருப்பதோ வந்தால் எழுத்தை முறையாக நிறுத்துங்கள். காலண்டரில் அந்த வாரத்தின் குறுக்கே கோடு போட்டு, திரும்பும் தேதியை எழுதுங்கள். தேதி வைத்து நிறுத்தியவர்கள் திரும்பி வருகிறார்கள்.

10. திருத்தவும் காட்டவும் எப்போது தொடங்குவது

முதல் இரண்டு மாதம் யாரிடமும் காட்ட வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட வேண்டாம். அன்றே போட்டால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது மறுநாள் எழுதுவதைத் தீர்மானிக்கும். பத்துப் பேர் பாராட்டினால் அதே மாதிரி இன்னொன்று எழுதத் தோன்றும். யாரும் பார்க்கவில்லையென்றால் கை தளரும். இரண்டும் பழக்கத்துக்குக் கெடுதல்.

இரண்டு மாதம் ஆனதும் நோட்டை முதலிலிருந்து படியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். படிக்கும்போது உங்களையே நிறுத்திய வரிகளுக்குப் பக்கத்தில் கோடு போடுங்கள். ஒரே மனிதரோ ஒரே தெருவோ திரும்பத் திரும்ப வந்திருக்கும். உங்கள் முதல் கதையோ கட்டுரையோ அங்கேதான் இருக்கிறது.

இப்போது வாரத்தின் நான்கு நாளில் ஒன்றைத் திருத்தும் நாளாக மாற்றுங்கள். அன்று புதிதாக எதுவும் எழுதக் கூடாது. கோடு போட்ட பக்கங்களை வேறு தாளில் பிரதி எடுங்கள். கையால் எழுதிப் பிரதி எடுத்தால் வேண்டாத வரிகள் தாமாகவே விழுந்துவிடும், தேவையில்லாததை மறுபடி எழுதக் கை சலிக்கும். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

ஒரு பிரதி முடிந்ததும் ஒரே ஒருவரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள்; நல்லாருக்கு என்பார், அத்தோடு முடிந்தது. "எந்த இடத்தில் சலிப்பாக இருந்தது? எது புரியவில்லை?" என்று கேளுங்கள். புகழ்பவரை விட, எங்கே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார் என்று சொல்பவர் உங்களுக்கு அதிகம் உதவுகிறார்.

11. அளவைக் கூட்டுவதும் நாட்களைக் கூட்டுவதும்

எட்டு வாரத்தில் ஆறு வாரமாவது நிறைந்திருந்தால் கூட்டலாம். ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: நான்கு நாளை ஐந்தாக்குங்கள், அல்லது அரைப் பக்கத்தை ஒரு பக்கமாக்குங்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் எது பாரமாயிற்று என்று தெரியாது. அடுத்த மாற்றத்துக்கு இன்னும் எட்டு வாரம் பொறுங்கள்.

தினமும் எழுத ஆசைப்படுகிறவர்கள் அந்த ஆசையை இந்த இடத்தில் சோதித்துப் பார்க்கலாம். நான்கு நாள் ஐந்தாகி, ஐந்து ஆறாகி, ஆறு நாளும் இழுத்துப் பிடிக்காமல் நடந்தால் ஏழாவது நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறிலேயே தள்ளாட்டம் இருந்தால் ஐந்துக்கு இறங்குங்கள். ஐந்து நாள் எழுதும் பலருடைய பக்கங்கள் ஏழு நாள் எழுதுகிறவர்களுடையதை விட எனக்குப் பிடித்திருக்கின்றன. பட்டியலுக்குப் பொருள் சேர அவர்களுக்கு நாள் கிடைக்கிறது.

வேலை மாறினால், ஷிப்ட் மாறினால், புழலுக்கோ பெரும்பாக்கத்துக்கோ வீடு மாறினால் முதல் படிக்குத் திரும்புங்கள். பழைய வாக்கியத்தைப் புது வீட்டில் ஒட்ட முயல வேண்டாம். ஒரு வாரம் இரண்டிரண்டு வரி குறித்து, புது இடத்தைக் கண்டு, புது வாக்கியத்தை உள் அட்டையில் எழுதுங்கள். நோட்டு மட்டும் பழையதே இருக்கட்டும், "அடுத்து:" என்று விட்ட வரி அதில்தான் இருக்கிறது.